பீரோவை முட்டிய மிக்சர்

நாய்க்குட்டி பார்க்கப் போவதற்கு யாராவது பட்டுப்புடவை கட்டுவார்களா? இசைப்பிரியா கட்டினாள். அரக்குக் கலரில் பச்சை பார்டர் போட்ட, கல்யாணத்துக்கு மறுநாள் கட்டிய அதே புடவை. தலையில் மல்லிகைப்பூ வேறு. கையில் ஒரு தாம்பாளம், அதில் ஆப்பிள், வாழைப்பழம், வெற்றிலைபாக்கு, ஒரு பாக்கெட் பிஸ்கட். பிஸ்கட் மட்டும்தான் நாய்க்கு.

புருஷன் செங்குட்டுவன் பைக் சாவியைச் சுழற்றியபடி வாசலில் நின்று பார்த்தான்.

"ஏன்டி, நாய் பாக்கப் போறமா, பொண்ணு பாக்கப் போறமா?"

"ஒரு உசுர வூட்டுக்கு இட்டுகினு வரப்போறோம். வெறுங்கைய வீசிகினு போவச் சொல்றியா? எங்கம்மாதான் தட்டு எடுத்துகினு போவச் சொல்லிச்சு."

"உங்கம்மாவா? நாயின்னாலே செருப்ப எடுக்குமே!"

"அது நாய்க்கு. இது மரியாதைக்கு. வண்டிய எடு."

இவளுடைய நாய் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. குறிஞ்சிப்பாடியில் பள்ளிக்கூடம் போகும் வழியில் எந்த நாய் வாலாட்டினாலும் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவாள். குட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தால் மட்டும் அம்மா அன்புக்கரசி சாமியாடிவிடுவாள். "தறிக்குழியில வுழுந்து செத்துப்போச்சின்னா பாவம் யாருக்குடி?" என்று கேட்டு, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடச் சொல்வாள். இசைப்பிரியாவும் அழுதுகொண்டே விட்டுவிட்டு வருவாள். இப்படி எத்தனை குட்டிகள்!

கல்யாணம் நிச்சயமானதும் செங்குட்டுவன் முதல்முதலாகப் போன் செய்தான். பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு என்று கேட்கப் பெரிய தயாரிப்போடு இருந்தான் பாவம். இவள் முந்திக்கொண்டாள். "உங்க குவார்ட்டர்ஸ்ல நாய் வளக்கலாங்களா?" நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டையே கட்டி மேய்க்கிற மனிதன், "வளக்கலாமே" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் யோசித்தான். அதற்குள் பத்திரிகை அடித்துவிட்டார்கள்.

கிளம்புகிற நேரத்தில் அவன் நெற்றியைப் பார்த்தாள். இடது பக்கம் ஒரு புடைப்பு. நைட் ஷிப்ட் வந்தால் அவனுக்குப் புடைப்பும் வந்துவிடும். தூக்கக் கலக்கத்தில் எதையாவது முட்டிக்கொண்டு நிற்பான். பக்கத்து வீட்டு வேலுமணி அங்கிள் கூட, "ஏனுங்க தம்பி, காலங்காத்தால செவுத்த இடிக்கறீங்களே, நான் தூங்கறதா வேண்டாமா?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறார்.

"குடிகாரன்னு நெனச்சிக்கப் போறாங்க" என்று சொல்லி இசைப்பிரியா அந்தப் புடைப்பின் மேல் விபூதியைப் பூசி மறைத்தாள்.

விஜயகுமாரி அக்கா வீடு வேறு பிளாக்கில் இருந்தது. அடிபட்டது, தொலைந்தது, மழையில் நனைந்தது என்று டவுன்ஷிப்பில் எந்தக் குட்டி கிடைத்தாலும் ஜனங்கள் அவரிடம்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவர் அதைத் தேற்றி, ஊசி போட்டு, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பார். எந்த வீட்டையும் நல்ல வீடு என்று அவர் லேசில் ஒத்துக்கொண்டுவிட மாட்டார் என்பதுதான் சிக்கல். கார் வைத்திருப்பவர்களையே வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

தாம்பாளத்தைப் பார்த்தார். பட்டுப்புடவையைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"பகல்ல வீட்ல யாரு?"

"நான்தாங்க்கா. வூட்டுலயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். எங்கியும் போவமாட்டேன்."

"ஊசி, பட்டன்லாம் கீழ கெடக்குமா?"

"டப்பாவுல போட்டு மூடிடுவேங்க்கா."

விஜயகுமாரி செங்குட்டுவன் பக்கம் திரும்பினார். "உனக்குக் கோவம் வருமாப்பா?"

"வராதுங்க."

"பசி நேரத்துல?"

"பசின்னா கொஞ்சம்…" என்று உண்மை பேசத் தொடங்கியவனின் காலை இசைப்பிரியா நறுக்கென்று மிதித்தாள். "வரவே வராதுங்க" என்று முடித்தான்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அது வந்தது. தன்னைவிடப் பெரிய ஒரு ரப்பர் செருப்பை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வந்தது. காதில் கறுப்பு, முதுகில் பழுப்பு, வயிற்றில் மஞ்சள், அங்கங்கே வெள்ளை. வடலூர் ரோட்டில் ஒரு மதகுக்குள் மழைத்தண்ணீரில் கிடந்ததை எடுத்து வந்தார்களாம். இப்போது பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். செருப்பைப் போட்டுவிட்டு இசைப்பிரியாவின் முந்தானையைப் பிடித்தது. வால் மட்டும் ஆடவில்லை, இடுப்புக்குக் கீழே மொத்தமும் ஆடியது.

"ஐயோ! மிக்சர் பொட்டலத்தப் பிரிச்சிக் கொட்டினாப்புல கீதே!" என்று கத்திவிட்டாள் இசைப்பிரியா. பேர் வைத்தாகிவிட்டது. பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்தாள். குட்டி மடியில் ஏறி அவள் மூக்கை நக்கியது. அவ்வளவுதான், உலகத்தில் வேறு யாரும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

விஜயகுமாரி ஒரு பெருமூச்சு விட்டார். "சரி, எடுத்துட்டுப் போ. ஆனா இப்பவே சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன். புள்ள உங்க வீட்ல ஒட்டாம, வாடிப்போய் இருந்துச்சின்னா, ஒரு வார்த்தை பேசமாட்டேன், தூக்கிட்டு வந்துடுவேன். அழுது கிழுது பாக்கக் கூடாது."

"அய்ய, எதுக்குக்கா வாடப் போவுது? ராசாத்தி மாதிரி வச்சிக்குவேன்!"

வாய் இருந்தது, சொல்லிவிட்டாள்.

வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தாள். குட்டியை ஏந்தி நின்ற செங்குட்டுவன், "வலது கால வச்சி வரணும்னா, முன்னங்காலா பின்னங்காலா?" என்று கேட்டான். "நாலுல ரெண்டு வலதுதான, வுடு" என்றாள் இவள். மிக்சர் கீழே இறங்கியது. கூடத்தை ஒருமுறை மோந்தது. பிறகு என்ன நினைத்ததோ, பத்து வருஷம் இந்த வீட்டில் குடித்தனம் செய்ததுபோல, இடது பக்கமாக விடுவிடுவென்று ஓடியது.

டங்!

அங்கே இருந்தது இசைப்பிரியாவுக்குச் சீராக வந்த இரும்பு பீரோ. மிக்சர் ஒரு அடி பின்னால் வந்தது. பீரோவை ஏற இறங்கப் பார்த்தது. உட்கார்ந்து அழ ஆரம்பித்தது.

முதல் நாள் அல்லவா, புது இடம் அல்லவா என்று இசைப்பிரியா சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுநாளும் அதே கதை. தூங்கி எழுந்தால் பீரோவுக்கு ஓடுவது, முட்டுவது, நகத்தால் கீறுவது, அழுவது, கடைசியில் பீரோவின் காலடியிலேயே ஒன்றுக்குப் போய்விடுவது. வலது பக்கத்தில் சமையலறை, அதைத் தாண்டினால் கொல்லைக் கதவு, வெளியே நல்ல முருங்கைமர நிழல். தூக்கிக்கொண்டுபோய் விட்டால் பேந்தப் பேந்த விழித்துவிட்டு மறுபடியும் பீரோவுக்கே ஓடி வந்தது. சாப்பாட்டுத் தட்டைப் பீரோவுக்கு எதிரிலேயே வைத்துப் பார்த்தாள். தட்டைத் தாண்டி பீரோவைப் பார்த்து அழுதது.

கண் தெரியவில்லையோ என்று சந்தேகம் வந்து பிஸ்கட்டைத் தூக்கிப் போட்டாள். லபக்கென்று அந்தரத்திலேயே பிடித்துவிட்டு பீரோவிடம் திரும்பிப் போனது. பீரோவுக்குள் பல்லி கில்லி செத்துக் கிடக்கிறதோ என்று புடவை அத்தனையையும் வெளியே இழுத்துப் போட்டாள். நாப்தலின் உருண்டைதான் கிடைத்தது.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஏன்டி, நான் குடுத்த சீரப் பாத்தாடி அழுவுது?" என்று அன்புக்கரசி அங்கிருந்தே பதறினாள். "எவளோ கண்ணு வச்சிட்டா. பீரோவுக்கு ஒரு கற்பூரத்த சுத்திப் போடு."

சுத்திப் போட்டாள். மிக்சர் தும்மியது. தும்மிவிட்டு மறுபடியும் அழுதது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேலுமணி அங்கிள் கூப்பிட்டார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். மனைவி, மகளின் பிரசவத்துக்குப் போயிருக்க, தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு, நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கப் போராடுபவர். "ஏனம்மிணி! முந்தியெல்லாம் தம்பி மட்டுந்தான் செவுத்த இடிச்சாரு. இப்ப நாயுமா? எனக்கு நாயின்னாலே ஆகாதுங்க, சொல்லிப்போட்டேன்!"

"மன்னிச்சிக்குங்க அங்கிள்" என்று இசைப்பிரியா சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்கே அழுகை வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. குட்டியோ சரியாகச் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை ஜாக்கெட் வாங்க வந்த ஒரு மகராசி கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டாள். திரும்பிப் பார்த்தால் மிக்சரைக் காணோம். இசைப்பிரியா செருப்புக்கூட போடாமல் தெருவெல்லாம் ஓடினாள். வாய்க்காலில் பார்த்தாள், கார்களுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கடைசியில் வேலுமணி அங்கிள் தன் வாசலில் நின்று கையைத் தட்டினார்.

"இங்கதானுங்க இருக்குது. அதுபாட்டுக்கு உள்ள வந்துச்சு. நேரா சமையக்கட்டு, நேரா கொல்லக் கதவு. வெளிய போயி ஒண்ணுக்கு இருந்துபோட்டு, வந்து என்ற செருப்பு மேல தலைய வெச்சுப் படுத்துக்கிச்சு. எங்கூட்டுல ஒரு சொட்டு அசிங்கம் பண்ணலீங்க!" கொஞ்சம் தயங்கினார். "ஒரு டம்ளர் பால் ஊத்தினனுங்க. என்னத்தப் பண்றது, அப்படிப் பாக்குது."

அப்போது இசைப்பிரியாவின் நெஞ்சு வெடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம். நாயே ஆகாது என்கிற மனிதர் வீட்டில் பால் குடித்து நிம்மதியாகத் தூங்குகிறது. ஆரத்தி எடுத்தவளை, பட்டுப்புடவை கட்டிப் பார்க்கப் போனவளை, பேர் வைத்தவளைப் பிடிக்கவில்லை. தூக்கி வந்து இறக்கிவிட்டாள். மிக்சர் நேராகப் பீரோவுக்குப் போனது.

"என்கிட்ட இன்னாடி கொற?" என்று அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து கேட்டாள். "உனக்குக் கூடவா என்னப் புடிக்கல?" என்று கேட்டு மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை செங்குட்டுவன் நைட் ஷிப்ட் முடித்து வந்தான். முகமெல்லாம் கரித்தூள், கண் பாதி மூடிக் கிடந்தது. பூட்ஸைக் கழற்றினான். கொல்லைப் பக்கம் போய்க் கைகால் கழுவ வேண்டும் என்று, கண்ணை மூடியபடியே கூடத்தில் நடந்தான். இடது பக்கம் திரும்பினான்.

டங்!

இசைப்பிரியா காபி டம்ளரோடு வந்து பார்த்தாள். பீரோவுக்கு முன்னால் இருவர் நின்றார்கள். மேலே ஒருத்தன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, இங்கே இருந்த கதவு எங்கே போயிற்று என்கிற முகத்தோடு. கீழே ஒருத்தி அச்சு அசல் அதே முகத்தோடு.

டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏய், நீ சின்ன வயசுல எந்த வூட்டுல இருந்த?"

"காலங்காத்தால இன்னா கேள்வி இது? அப்பா ரிட்டயர் ஆவுற வரைக்கும் இங்கதான், டவுன்ஷிப்லதான்."

"அதில்ல. ஜோடி வூட்டுல எந்தப் பக்கம்?"

"எடதுபக்கம். வேலுமணி அங்கிள் வூடு கணக்கா. ஏன்?"

இசைப்பிரியா சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து உட்கார்ந்து சிரித்தாள். மிக்சர் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தது.

டவுன்ஷிப்பில் இந்த வகைக் குவார்ட்டர்ஸ் எல்லாம் இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டியவை. நடுவில் ஒரே சுவர். ஒரு ஜோடிச் செருப்பு மாதிரி, ஒன்று இடது, ஒன்று வலது. அளவெல்லாம் ஒன்றுதான், திசை மட்டும் மாறும். இடது வீட்டில் சமையலறையும் கொல்லைக் கதவும் இடது பக்கம் வரும். வலது வீட்டில் வலது பக்கம். இவர்களுடையது வலது. விஜயகுமாரி அக்காவுடையது? இசைப்பிரியா கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். குட்டி செருப்பை இழுத்துக்கொண்டு வந்தது சமையலறையிலிருந்து. அது இடது பக்கம்!

"அது நம்மள வேணாங்கல!" என்று கத்தினாள். "கதவத் தேடுது! அக்கா வூட்டுல கதவு இருந்த எடத்துல நம்ம வூட்டுல பீரோ கீது! ஒண்ணுக்கு அவசரம்னு ஓடுது, கதவு தொறக்கல, அழுவுது. நீ எப்பிடி இத்தன வயசுக்கு அப்புறமும் முட்டிக்கிறியோ, அப்பிடி!"

செங்குட்டுவன் பீரோவைப் பார்த்தான், குட்டியைப் பார்த்தான். தூக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பூட்ஸ் கழற்றிய காலோடு தரையில் மண்டிபோட்டான். "வா தங்கம், மாமா வழி காட்டறேன்" என்று நாலு காலில் சமையலறைப் பக்கம் தவழ ஆரம்பித்தான். இசைப்பிரியா இட்லியைப் பிட்டுப் பிட்டுக் கூடத்திலிருந்து கொல்லைக் கதவு வரைக்கும் போட்டுக்கொண்டே போனாள். மிக்சருக்கு இட்லி பிடித்திருந்ததா, நாலு காலில் போகிற செங்குட்டுவனைப் பிடித்திருந்ததா தெரியாது. ஒவ்வொரு துண்டாகத் தின்றுகொண்டே பின்னால் வந்தது. கொல்லைக் கதவைப் பார்த்ததும் நின்றது. முகர்ந்தது. ஒரே பாய்ச்சலில் வெளியே போய் முருங்கைமரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. மறுபடியும் உள்ளே கூட்டி வந்து மறுபடியும் இட்லி போட்டார்கள். மறுபடியும் ஓடியது. அன்றைக்கு வீட்டில் யாருக்கும் டிபன் மிஞ்சவில்லை.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோது செங்குட்டுவன் இன்னும் நாலு காலில்தான் இருந்தான்.

விஜயகுமாரி உள்ளே வந்தார். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் குட்டி முன்பு படுத்துத் தூங்கிய பழைய துண்டு. திரும்பக் கூட்டிப் போவதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். மிக்சர் குதித்துக்கொண்டு ஓடி அவர் காலைச் சுற்றியது. அவர் தூக்கி விலாவைத் தடவிப் பார்த்தார். பீரோவின் அடியில் இருந்த ஈரத்தைப் பார்த்தார். கீறலைப் பார்த்தார். முகம் இறுகியது.

போதாக்குறைக்கு ஜன்னலுக்கு வெளியிலிருந்து வேலுமணி அங்கிளின் தலை எட்டிப் பார்த்தது. "குட்டியப் பாக்க வந்தீங்களா? இங்க ராப்பகலா அழுவுதுங்க. எங்கூட்டுக்கு வந்தா கம்முனு தூங்குது!" நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார், பாவி மனுஷன்.

"அவ்வளவுதான்மா" என்றார் விஜயகுமாரி. "நான் அன்னிக்கே சொன்னேன். கூட்டிட்டுப் போறேன்."

"அக்கா, அக்கா, ஒரு நிமிசம்! அதுக்கு நம்ம வூடு எடவலமா மாறிப்போச்சுக்கா. அதனால…"

"கதை சொல்லாதம்மா. நாய்க்கு எடம் வலம் என்ன இருக்கு? டவுன்ஷிப்ல எல்லா வீடும் ஒண்ணுதான். எங்க வீடும் இதே டைப்புதான். கண்ணக் கட்டி விட்டாக்கூட நான் நடப்பேன்." குட்டியைக் கையில் இடுக்கிக்கொண்டார். "நாக்கு எப்படி வரண்டு கெடக்கு பாரு. வெயில்ல போறதுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணியாவது குடிக்கட்டும். நீ இரு, நானே எடுத்துக்கறேன்."

கோபமாக, விடுவிடுவென்று நடந்தார். இடது பக்கம் திரும்பினார்.

இசைப்பிரியா "அக்கா, பீரோ…" என்று வாயைத் திறப்பதற்குள்,

டங்!

சுவருக்கு அந்தப் பக்கம் போயிருந்த வேலுமணி அங்கிள், "இப்ப யாருங்க?" என்று கேட்டார்.

சிரிக்கக் கூடாது, சிரித்தால் எல்லாம் போயிற்று என்று இசைப்பிரியா முந்தானையை வாய்க்குள்ளேயே திணித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. விஜயகுமாரி ஒரு கையால் நெற்றியைப் பிடித்தபடி பீரோவையே பார்த்துக்கொண்டு நின்றார். மறு கை தளர்ந்ததில் மிக்சர் நழுவித் தரையில் குதித்தது. பீரோவைப் பார்த்தது. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

மிக்சர் பீரோவுக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. வலது பக்கமாக ஓடியது. சமையலறையைத் தாண்டி, கொல்லைக் கதவைத் தாண்டி, முருங்கைமரத்தடியில் போய் அழகாக உட்கார்ந்து காரியத்தை முடித்தது. திரும்பி வந்து சமையலறையில் இருந்த தன் கிண்ணத்தில் சளப்சளப் என்று தண்ணீர் குடித்தது. கூடம் வரைக்கும் கேட்டது அந்தச் சத்தம்.

"அக்கா" என்று மெதுவாகச் சொன்னாள் இசைப்பிரியா. "இத்தினி நாளா அது பீரோவப் பாத்து அழுவல. அந்தக் கதவத் தொறந்தா உள்ள நீங்க இருப்பீங்கன்னு நெனச்சி அழுதிருக்கு."

விஜயகுமாரி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ குட்டிகளை வளர்த்துக் கொடுத்தவர். ஒவ்வொன்றும் கேட்டைத் தாண்டும்போது கல் மாதிரி நிற்பவர். இப்போது நெற்றி வலியில்தான் கண் கலங்கியது என்று யாராவது சொன்னால் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். தோள்பையைத் திறந்தார். பழைய துண்டை எடுத்து இசைப்பிரியாவின் கையில் வைத்தார்.

"இத அதுக்குப் படுக்கப் போடு."

இசைப்பிரியா துண்டைக் கட்டிக்கொண்டு அவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "அக்கா! அக்கா! அக்கா!" என்பதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் வரவில்லை. செங்குட்டுவன் விபூதி டப்பாவை எடுத்து வந்து பவ்யமாக நீட்டினான். "புடைப்புக்கு இதாங்க நல்லது. எனக்கு அனுபவம்."

விஜயகுமாரி அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். அடக்கி அடக்கி வைத்திருந்த சிரிப்பு, குலுங்கிக் குலுங்கி வந்தது. சிரித்து ஓய்ந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, எனக்கும் ஒரு வாய் தண்ணி வேணும். எந்தப் பக்கம்னுதான் தெரியல."

வாயெல்லாம் தண்ணீர் சொட்ட மிக்சர் கூடத்துக்கு வந்தது. அவர் புடவைக் கொசுவத்தைப் பல்லால் பிடித்து ஒரு இழு இழுத்தது. விட்டது. வலது பக்கமாக நாலடி ஓடி, வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தது.

விஜயகுமாரி அதன் பின்னால் போனார்.